முதலில் யாரைக் கூப்பிடுவது

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

இங்கே இருவரும் நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மற்ற வரிகளையெல்லாம் தாண்டிக் குதித்து அதைத்தான் தேடுவாய். சில்வண்டுக்கு வாந்தி அன்றைக்கே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். விசாரித்ததில், ரோஸ் கலர் சாக்பீஸ் இனிக்கும் என்று வகுப்பில் எவளோ சொன்னாளாம். நம் மகள் உடனே கடித்துச் சோதித்திருக்கிறாள். இனிக்கவில்லை என்று எனக்குத் தகவல் தெரிவித்தாள். வீட்டில் ஒரு இன்ஜினியர் போதாது போலிருக்கிறது.

போனில் பேசாமல் நான் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று கேட்டிருந்தாய். உங்கள் பாலத்து முகாமில் செல்போன் எடுக்காது, இருப்பது ஒரே போன், அதுவும் ஆபீஸ் கொட்டகையில். நீ பேசும்போது பின்னால் நாலு பேர் டீ குடித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எனக்கு இங்கே கேட்கிறது. தவிர, போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், அதற்குள் லைன் கட்டாகிவிடும். எழுதினால் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் வாயைத் திறக்க முடியாது. நம் இரண்டு பேருக்கும் அதுதான் சரிப்பட்டு வரும்.

பள்ளியிலிருந்து உனக்குப் போன் வந்த கதையை நீ இரண்டே வரியில் எழுதியிருந்தாய். எனக்கு அது போதவில்லை, மனசுக்குள் முழுசாக ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். ஆற்றுக்கு மேலே, தொண்ணூறு அடி உயரத்தில் நீ கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறாய். நடுவில் நிறுத்தினால் முன்னால் போட்டதும் பின்னால் போட்டதும் ஒட்டாது என்று எனக்கே பலமுறை பாடம் எடுத்திருக்கிறாய். அப்போது கொட்டகையிலிருந்து ஒருவர் ஓடி வந்து, அத்தனை ஆட்கள் முன்னால், "மேடம், உங்க பொண்ணு ஸ்கூல்ல இருந்து போன்" என்று கூவுகிறார். நீ போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டு மேட்டில் ஏறி ஓடுகிறாய். அவர்கள் கேட்டது என்ன? "பாப்பா வாந்தி எடுக்குறா, யாராவது வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

யாராவதாம். நீ இருப்பது ஒரு ராத்திரி ரயிலுக்கும் அரை நாள் பஸ்ஸுக்கும் அப்பால். நான் இருப்பது பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. என் மகள் வாந்தி எடுத்த செய்தி மலை ஏறிப் போய், உன்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மலை இறங்கி என்னிடம் வருகிறது. வயிறு எரிகிறது.

மறுநாளே பள்ளிக்குப் போய் ஆபீஸில் இருக்கும் கிளார்க்கம்மாவைப் பார்த்தேன். ஏன் எனக்குப் போடவில்லை என்று கேட்டேன். "நீங்க வேலையில இருப்பீங்க, தொந்தரவு பண்ணக் கூடாதேன்னுதான் சார்" என்றார். அவங்களும் வேலையிலதானே இருக்காங்க என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரி சார், ஆனா அம்மான்னா அம்மாதானே" என்றார். அவரும் காலையில் தன் பிள்ளைகளை யார் பொறுப்பிலோ விட்டுவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தவர்தான். அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப் போகிறது? வேலை நேரத்தில் எங்கள் செல்போன்களையெல்லாம் முதலாளி டிராயரில் வாங்கி வைத்துக்கொள்வார் என்பதால், எங்கள் பல் லேப் போன் நம்பரைக் கொடுத்தேன். முதலில் இதில் கூப்பிடுங்கள், நான் கிடைக்காவிட்டால் மட்டும் அவளுக்குப் போடுங்கள் என்றேன். தலையாட்டினார்.

இன்னொரு வேடிக்கை. வகுப்பில் அம்மாக்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதாம். நாளைக்கு வெள்ளை உடை, நாளைக்குக் களிமண் கொண்டு வரவும், எல்லாம் அதில்தான் வருகிறது. தெரியாமல் நான் அனுப்பிய அன்றைக்கு அத்தனை பிள்ளைகளும் மஞ்சள் சட்டை, நம் பெண் மட்டும் யூனிஃபார்ம். வந்து என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். என்னையும் குரூப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். ஆம்பளை ஒருத்தர் இருந்தால் மற்றவர்கள் பேசக் கூச்சப்படுவார்கள் என்று யோசித்து, கடைசியில் யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? என் அக்காவை. அவள் இருப்பது ஊரின் அந்தக் கோடி. இப்போது களிமண் செய்தி பள்ளியிலிருந்து அக்காவுக்குப் போய், அக்காவிடமிருந்து அரை மணி நேர அறிவுரையோடு சேர்ந்து எனக்கு வருகிறது.

ஆனால் புகழுக்குக் குறைவில்லை. சில்வண்டுக்கு இப்போது நான்தான் தலை பின்னுகிறேன். பல் கட்டுகிற கைக்கு அது பெரிய வித்தையா? வாசலில் டீச்சர்கள் நிறுத்தி, "அப்பாவா பின்னிவிட்டாரு?" என்று வியக்கிறார்கள். ஒருவர் தலைமையாசிரியையிடமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாராம். நீ மூன்று வருஷம் பின்னினாய், ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. நான் கோணலாக ஒரு பின்னல் போட்டதற்கு எனக்கு மாலை மரியாதை. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறேன், ஆனால் எரிச்சலாகவும் இருக்கிறது.

லேபில் ஒரு நல்ல சேதி. ரயில் நிலையம் பக்கம் முதலாளி இரண்டாவது லேப் திறக்கப் போகிறார். அதற்குப் பொறுப்பாளராக என்னைத்தான் மனசில் வைத்திருக்கிறார் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அமைந்தால் எழுதுகிறேன்.

நீ போனுக்கு ஓடிய அன்றைக்கு உங்கள் பெரியவர், அதுதான் சீஃப் இன்ஜினியர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்று எழுதியிருந்தாய். பார்த்தால் பார்க்கட்டும். நடுப்பகுதியை நீதான் இணைக்கப் போகிறாய். இரண்டு கரையிலிருந்தும் நீட்டிக்கொண்டு வந்த பாலம் நடுவில் சேர்கிற இடத்தில் உன் கை இருக்கும் என்று நீ கிளம்பும்போது சொன்னாயே, அதை நான் இங்கே பல்லுக்கு அச்சு எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பதால் மறுத்துப் பேச முடிவதில்லை.

குளிர் அதிகம் என்றாய். காதை மூடிக்கொள். சில்வண்டு உனக்கு ஒரு படம் வரைந்து உள்ளே வைத்திருக்கிறாள். பாலத்தின் மேல் நிற்பது நீயாம். பாலத்தைவிட நீ பெரிதாக இருக்கிறாய்.

என்றும் உன்,
பல்லுக்காரன்


வெள்ளிக்கிழமை

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

சில்வண்டுக்கு முகவாயில் மூன்று தையல். காயம் சுத்தம், எலும்புக்கு ஒன்றும் இல்லை, பல் ஒன்றுகூட ஆடவில்லை. பல்லை நானே பார்த்துவிட்டேன், அதில் டாக்டர் சொல்வதைவிட என் சொல்லை நீ நம்பலாம். அன்று போனில் நீ கேட்டது பாதி, உனக்குக் கேட்டது கால். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அவள் ஊஞ்சலிலிருந்து விழவில்லை, குதித்தாள். விழுந்தாள் என்று யார் சொன்னாலும் திருத்துகிறாள். தையல் போடும்போதும் பேச்சு நிற்கவில்லை. "வாயை அசைக்காதேம்மா" என்று டாக்டர் கெஞ்சும்படி ஆகிவிட்டது. ஊசி போட்டபோது மட்டும் என் கட்டை விரலை ஒடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். அழுதாளா என்று கேட்பாய். கொஞ்சம் அழுதாள். அம்மா வேண்டும் என்று சொன்னாள். பொய் சொல்லி உன்னிடம் நல்ல பெயர் வாங்க நான் தயாராக இல்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், நர்ஸ், டாக்டர், மருந்து கொடுக்கிறவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் "அம்மா வரலையா?" என்று கேட்டார்கள். வெளியூரில் வேலை என்றேன். ஐயோ பாவம் என்றார்கள். குழந்தையைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. நம் எதிர்வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிறார். இரண்டு பையன்களையும் ஒண்டியாக வளர்க்கிற அவர் மனைவியைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

இப்போது அந்தப் போன் மறுபடி எப்படி உனக்கே வந்தது என்று சொல்கிறேன். பள்ளிக் கிளார்க்கம்மாவைத் திட்டாதே. பாவம், சொன்னபடி லேபுக்குத்தான் முதலில் போட்டிருக்கிறார். எடுத்தது எங்கள் முதலாளி. நான் அப்போது பீங்கான் பல்லைச் சுடுகிற ஓவன் முன்னால் இருந்தேன். ஒரு பெரிய டாக்டருடைய கேஸ், முன்வரிசைப் பல் மொத்தமும். சூடு சரியாக ஏறி இறங்கும்வரை கண்ணை எடுக்க முடியாது என்று உனக்குத் தெரியும். முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக என்னை எட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, "அவன் முக்கியமான வேலையில இருக்கான்மா, நீங்க பாப்பாவோட அம்மாவுக்குப் போட்டுடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு, ஓவன் சூடு இறங்கி முடிகிற நேரத்தில், நீ அங்கிருந்து லேபுக்குப் போட்டுக் கத்தியபோது ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "வீட்டம்மா பேசுறாங்க, கொஞ்சம் கோபமா இருக்காங்க" என்றார்.

தையல் போட்டு முடித்து, சில்வண்டை அக்காவிடம் விட்டுவிட்டு நேராக லேபுக்குப் போனேன். முதலாளியிடம் நான் இதுவரை குரலை உயர்த்தியது கிடையாது. அன்று உயர்த்திவிட்டேன். அவர் அசந்துபோய்விட்டார். "உன் நல்லதுக்குத்தானேப்பா செஞ்சேன், நீ பாதியில எழுந்து போயிருந்தா அந்த செட்டு மொத்தமும் வெடிச்சிருக்கும்" என்றார். நான் சொன்னேன்: "ஓவன்ல இருந்தது பல்லு சார். போனா திரும்பப் பண்ணலாம். அவ கையில இருந்தது பாலம்." அவருக்குப் புரியவில்லை. "பாலத்துக்கு அங்க நாலு இன்ஜினியர் இருப்பாங்க, பிள்ளைக்கு அம்மா ஒருத்திதானே" என்றார். அப்பாவும் ஒருத்தன்தான் என்றேன். மோசமான மனுஷராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு வந்திருப்பேன். அன்று ஆஸ்பத்திரிக்குத் தன் காரை அனுப்பியதும் அவர்தான். சாயங்காலம் ஒரு பெரிய பொம்மையோடு வீட்டுக்கு வந்து, சில்வண்டு தையல் கதையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. அன்று மாலையே பெரியவர் உன்னைக் கூப்பிட்டு நடுப்பகுதி வேலையை உன்கூட இருக்கிற மீசை இன்ஜினியருக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். "வீட்டுல இவ்வளவு இருக்கும்போது உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பாரம்" என்றாராம். அவரும் நல்ல மனுஷராகத்தான் இருப்பார். நம் இரண்டு பேருக்கும் நல்ல மனுஷர்களாகவே வாய்த்திருக்கிறார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. அந்த மீசை நிலம் வாங்குகிறார் என்று நீதானே போன தடவை எழுதினாய். தரகர், பத்திரம் எழுதுகிறவர், மச்சான் என்று நாளெல்லாம் கொட்டகைக்கு ஓடி ஓடிப் போன் பேசுகிறார், கான்கிரீட் போடும்போதும் போனார் என்றாய். அவர் போனால் பத்து வேலையைச் சமாளிக்கிற கெட்டிக்காரர். நீ இரண்டு தடவை போனால் கவனம் சிதறுகிறவள். இரண்டு தடவையும் நீ போட்ட கான்கிரீட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று அவர்களே சோதித்துச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்னத்துக்கு?

நீ பெரியவரிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாய் என்று எழுதியிருக்கிறாய். குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலையில் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை என்றாய். அது நியாயம்தான். ஆனால் இப்போது குழந்தை பொம்மைக்குத் தையல் போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறது. இப்போது தோன்றட்டும்.

நான் இங்கே ஒரு காரியம் செய்யப் போகிறேன். வேலை நேரத்திலும் என் செல்போன் என் மேஜைமேல் என் கண்ணெதிரே இருக்க வேண்டும், பள்ளியிலிருந்து வந்தால் நான்தான் எடுப்பேன், தேவையானால் எழுந்து போவேன் என்று முதலாளியிடம் கேட்கப் போகிறேன். சம்மதிப்பாரா தெரியாது. கேட்டுவிடுகிறேன்.

கலங்காதே. வேளைக்குச் சாப்பிடு. சில்வண்டு தையல் நூலைப் பத்திரப்படுத்தி உனக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.

உன்,
பல்லுக்காரன்


ஞாயிற்றுக்கிழமை, மழை

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது. முகவாய்க்கு அடியில் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். நூல் இந்த உறைக்குள் இருக்கிறது, தெரியாமல் உதறிவிடாதே.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதலாவதற்கு ஏன் பதில் போடவில்லை என்று இரண்டாவதில் கோபித்திருக்கிறாய். கோபம் சரிதான். ராஜினாமா எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன், நீங்கள் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், மறுநாளே கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன் என்கிறாய். இங்கே இருந்தும் நடுப்பகுதியில் நான் இல்லை, அங்கேயும் குழந்தை பக்கத்தில் நான் இல்லை, எதற்காக இந்தக் குளிரில் கிடக்கிறேன் என்கிறாய்.

அதற்கு வருகிறேன். முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அக்கா எப்படியும் கண்ணும் காதும் வைத்து எழுதிவிடுவாள். அதற்கு முன் நான் எழுதுவது மேல்.

செல்போன் விஷயத்தை முதலாளியிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டார். ஆனால் போன் அடிக்கும்போது எழுந்து போகிற ஆளை ஓவனில் எப்படி உட்கார வைப்பது என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான், நானே பதில் தேடினேன், கிடைக்கவில்லை. சூட்டை நம்பிப் பாதியில் விட்டுப் போக முடியாது. அதனால் என்னை, பல்லுக்கு மெழுகில் மாதிரி சீவுகிற மெழுகு மேஜைக்கு மாற்றிவிட்டார். மெழுகை எந்த இடத்திலும் நிறுத்தலாம். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய், வந்து எடுத்துக்கொள்ளலாம், அது அப்படியே காத்திருக்கும். சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரி. ரயில் நிலையம் பக்கத்து லேப் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது, கூட வேலை பார்க்கிற சின்னவருக்குப் போகிறது. "உன் வீட்டம்மா வந்துட்டா சொல்லு, அன்னைக்கே அந்த லேப் சாவி உன்கிட்ட" என்று முதலாளி தோளில் தட்டிச் சொன்னார். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார்.

எங்கள் மெழுகு மேஜையை நீ பார்த்திருக்கிறாய். வாசலுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே. அதில் நாலு பேர், நாலு பேரும் பெண்கள். கை நயமாக இருக்கும், பொறுமை அதிகம், அதனால்தான் அவர்களுக்கு மெழுகு என்று லேபில் எல்லோரும் சொல்வார்கள். அங்கே போய் உட்கார்ந்த முதல் நாளே தெரிந்துவிட்டது, கை நயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒருத்தியின் மாமியாருக்கு மாத்திரை வேளை, எழுந்து போய்ப் போன் செய்துவிட்டு வருகிறாள். இன்னொருத்தி பால் குடிக்கிற பிள்ளைக்காக மதியம் வீட்டுக்கு ஓடிவிட்டு வருகிறாள். எழுந்து போகிறவர்கள் உட்காரக்கூடிய மேஜை அது ஒன்றுதான். இப்போது நானும் எழுந்து போகிறேன்.

அங்கே மூத்தவர் மெழுகக்கா. உனக்கு நினைவிருக்கும், நம் கல்யாணத்தில் போட்டோக்காரரோடு சண்டை போட்டாரே, அவர்தான். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்து, "வாப்பா, நீயும் பொம்பளையா ஆயிட்டியா, உட்காரு" என்றார். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவருக்கு ஓவன் வேலை தெரியும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. முதலாளியின் அப்பா காலத்தில் கற்றுக்கொண்டாராம். மகன் பிறந்ததும், கொஞ்ச நாளைக்கு மெழுகில் இருங்கள், பிள்ளை தலை எடுத்ததும் திரும்பிப் போகலாம் என்றார்களாம். அந்த மகனுக்குப் போன வருஷம் கல்யாணமே ஆகிவிட்டது. ஏன் திரும்பிப் போகவில்லை என்று கேட்டேன். ஒரு கடைவாய்ப் பல்லைச் சீவிக்கொண்டே, "யாருப்பா கூப்பிட்டா?" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தப் பல் நன்றாக வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. கொஞ்ச நாளைக்கு என்றுதான் நீயும் வருவாய். பெரியவரும் அப்படித்தான் சொல்லி வழியனுப்புவார். அதற்கப்புறம் அடுத்த பாலத்துக்கு உன்னை எவன் கூப்பிடப் போகிறான்?

அக்கா நேற்று வந்திருந்தாள். அவள் கட்சி உனக்குத் தெரிந்ததுதான். "நீ கூப்பிடுடா, நீ கூப்பிட்டா வந்துடுவா, பொண்டாட்டி வேலைக்காக எந்த ஆம்பளைடா மெழுகு சீவிக்கிட்டு இருப்பான்" என்றாள். பக்கத்து அறையிலிருந்து சில்வண்டு, "நான் பெரியவளானா மெழுகுதான் சீவுவேன்" என்று கத்தினாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் நான் லேபுக்குப் போயிருந்த நேரத்தில் சமையலறை முழுக்கத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போனாள். அவளையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

எனக்கு மெழுகு மேஜையில் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை என்று எழுதத்தான் ஆசை. அது பொய். சின்னவர் சாவியை வாங்கிய அன்று எனக்கு மனசு கனத்துப் போயிற்று. சாயங்காலம் பள்ளி வாசலில் நின்றபோதுகூட அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஓவன் வேலையில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று உனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். இதை உன்மேல் பழியாகப் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நமக்கு இருப்பது ஒரு பிள்ளை, அவள் விழுந்தால் யாராவது ஒருவர் எழுந்து ஓட வேண்டும். இத்தனை நாள் அது நீ என்று யாரும் கேட்காமலே ஊரே முடிவு செய்து வைத்திருந்தது. கொஞ்ச காலம் நான் ஓடுகிறேன். இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டால் ஓவனும் போச்சு, பாலமும் போச்சு.

போன செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து போன் வந்தது. சில்வண்டு தண்ணீர் பாட்டிலை வகுப்பில் கொட்டிவிட்டாளாம், மாற்றுத் துணி வேண்டுமாம். என் மேஜைமேல்தான் அடித்தது. கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். நீ அங்கே எதுவும் அறியாமல் உன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் உனக்குச் சொன்னால் புரியாது. இனி உங்கள் கொட்டகையில் பள்ளி மணி அடிக்காது. இதைப் பெரியவரிடம் போய்ச் சொல். வீட்டில் ஆள் இருக்கிறது, நடுப்பகுதியை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேள். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்பார். எனக்கு எது நல்லது என்று என்னைக் கேளுங்கள் என்று சொல். நாள் இருக்கிறது, மழை விட்ட பிறகுதானே இணைக்கப் போகிறார்கள். கொடுக்காவிட்டால் கொடுக்காமல் போகட்டும், கேட்காமல் மட்டும் வந்துவிடாதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் முதல் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கவில்லை. எழுதினேன். வா என்றுதான் எழுதினேன். மறுநாள் தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்து கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதம் வந்த அன்றும் அப்படியே. உன் தலையணையை வெயிலில் போட எடுத்தால் சில்வண்டு விடமாட்டேன் என்கிறாள், நானும் வற்புறுத்துவதில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்திருக்கிறோம். இந்த வீடு நீ இல்லாமல் நன்றாகவே நடக்கிறது, துணி துவைக்கிறேன், சமைக்கிறேன், ஒன்றும் குறை இல்லை. ஆனால் எனக்கு நீ வேண்டும். இன்றைக்கே, இந்த மழையோடு வந்து நின்றாலும் எதுவும் கேட்காமல் கதவைத் திறப்பேன்.

அதனால்தான் கையெடுத்துக் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக்கொள், பெரியவரிடம் கேட்க வேண்டியதைக் கேள், எனக்கு எல்லாவற்றையும் எழுது. வரட்டுமா என்று மட்டும் என்னிடம் இன்னொரு தடவை கேட்காதே. கேட்டால் வா என்று சொல்லிவிடுவேன்.

உன்,
பல்லுக்காரன்